பேய் வீடு என்று பெயர் எடுத்த தோட்ட வீட்டில் குடியிருக்கலாமா?

கொழும்பில் வாடகைக்கு இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணம் வலிகாமத்தில் 12 பரப்புத் தோட்டக் காணியும் அதற்குள் ஒரு பழைய நாற்சார் வீடும் மலிவாக வருகிறதாம். பார்க்கப் போன இடத்தில் பக்கத்து வளவுக்காரர், "அது பேய் வீடு பிள்ளை, இரவில ஒருத்தரும் தங்கிறேல்லை" என்று சொல்லிவிட்டார்களாம். கணவருக்கு விருப்பம். அம்மா வரவே மாட்டேன் என்கிறாராம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். வாங்கலாமா, வாங்கினால் இருக்க முடியுமா, குடிபோக முன் பேய் விரட்டும் கழிப்பு ஏதும் கழிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இருக்கலாம். நாங்கள் இருக்கிறோம். மருதனார்மடத்துக்குக் கிழக்கே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில், இதே மாதிரிப் பெயர் எடுத்த ஒரு வீட்டில் நானும் மனைவியும் பிள்ளைகளும் மாமியும் பல வருடங்களாகக் குடியிருக்கிறோம். "பேயாவது பிசாசாவது" என்று உங்கள் அம்மாவின் பயத்தைத் தட்டிக் கழிக்க நான் வரவில்லை. அப்படிப் பேசுபவர்களில் பலர் அந்த மாதிரி வீட்டில் ஒரு இரவும் படுத்திருக்க மாட்டார்கள். பயம் உண்மையாகவே வரும். சில இடங்களில் அந்தப் பயத்துக்குப் பின்னால் உண்மையான ஆபத்தும் இருக்கும். அதைப் பேயின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் உயிருக்கு வினையாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேலை, வீட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விசாரிப்பது. யாழ்ப்பாணத்தில் வீடுகள் தானாக வெறுமையாகவில்லை. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை நடந்தபோது சனம் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் போய் இருந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கில் ஊர் ஊராக எழும்பினார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்ச வீடுகள் பூட்டியபடியே மிஞ்சின. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். திறப்பு யாரிடம் என்றே தெரியாது. ஓடு கழன்ற இடத்தில் ஆலங்கன்று முளைக்கும், கிணற்றடி பற்றை பிடிக்கும், கதியால் பட்டு வேலி சரியும். பொழுதுபட்டால் அந்தப் பக்கம் பிள்ளைகளை விட மாட்டார்கள். இப்படிச் சில வருடம் கிடந்தால் எந்த வீட்டுக்கும் ஒரு பேய் வந்து சேர்ந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் ஒரு ஆச்சி. ஊர்க்கதை இப்படிப் போகும்: இடப்பெயர்வு இரவு எல்லோரும் வெளிக்கிட, ஆச்சி மட்டும் "நான் வரேல்லை, நீங்கள் போங்கோ" என்று குசினி வாசலில் இருந்துவிட்டார். வெளியில் மழை. நாவற்குழிப் பக்கமும் கைதடிப் பாலத்துப் பக்கமும் கால் வைக்க இடமில்லாத சனம். 1996 சித்திரைக்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது ஆச்சி இல்லை. அடுப்பில் சோற்றுப் பானை இருந்தபடியே செத்துப்போனார் என்று ஒரு கதை. கிணற்றுக்குள் விழுந்தார் என்று இன்னொன்று. அன்றிலிருந்து அந்தக் குசினியில் இரவில் சோறு வேகும் மணம் வருமாம். விடியப்புறம் கிணற்றில் தண்ணீர் அள்ளும் துலா இழுக்கும் சத்தம் கேட்குமாம். அது ஆச்சியின் மனுசன், முன்னமே காலமானவர், ஆச்சிக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்க வருகிறாராம்.

இதை எனக்குச் சொன்னவர் பக்கத்து வளவு ஐயா. வழக்கமாகப் பேய்க்கதை சொல்பவர்கள் கண்ணை விரித்து, குரலைத் தாழ்த்தி, எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முடிக்கும்போது சால்வையால் கண்ணைத் துடைத்தார். அன்றிரவு அவரும் அந்த ஒழுங்கையால்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். பின் கரியரில் அவருடைய தாயார், ஹாண்டிலில் இரண்டு பைகள். ஆச்சியைக் கூப்பிட்டாராம், அவர் வரமாட்டேன் என்றாராம், நிற்க நேரமில்லையாம். ஒரு கிழவியைத் தனியே விட்டுப் போன இரவை அந்த ஒழுங்கையில் இருந்தவர்கள் ஒருவரும் மறக்கவில்லை. நேரடியாகச் சொல்ல முடியாததை ஆச்சி சோறு காய்ச்சுகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பேய் வீடுகளில் பலவற்றுக்கு அடியில் இப்படி ஒரு துக்கம் கிடக்கிறது. கதை சொல்பவரிடம் சண்டைக்குப் போகாமல் இருந்து கேளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆனால் பக்கத்து வளவோடு விசாரணையை நிறுத்த வேண்டாம். உறுதி எழுதும் வேலையாக ஆச்சியின் பெறாமகள் ஒருவரோடு தொலைபேசியில் பேச வேண்டி வந்தது. பேச்சோடு பேச்சாக மனைவி ஆச்சியைப் பற்றிக் கேட்டார். ஆச்சி அந்த வீட்டில் சாகவே இல்லை. ஊரில் தங்கிவிட்ட வேறு சில முதியவர்களோடு அந்த மாதங்களைக் கழித்திருக்கிறார். பிறகு சொந்தக்காரர் வந்து வடமராட்சிக்குக் கூட்டிப்போக, அங்கே ஒரு வீட்டில், நாலு பேர் சுற்றி இருக்க, நோயில் காலமானாராம். அந்தக் குடும்பம் பழைய வீட்டுப் பக்கம் திரும்பி வரவில்லை. அதனால் ஊருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "உண்மையோ தம்பி? உண்மையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, என்னையே இன்னொரு முறை முழுக்கச் சொல்ல வைத்தார்.

ஆகவே நீங்களும் கேளுங்கள். கடைசியாக அங்கே யார் இருந்தார்கள், எந்த வருடம் எழும்பினார்கள், எப்படி எழும்பினார்கள், அவர்கள் எங்கே காலமானார்கள். விற்பவரின் சொந்தங்கள், அந்தப் பிரிவு கிராம அலுவலர், கோயில் ஐயர், தோட்டம் குத்தகைக்குச் செய்தவர் என்று நாலு பக்கமும் கேட்டால் கதை தெளியும். உண்மையிலேயே அங்கே ஒரு மரணம் நடந்திருந்தால் அதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. எங்கள் பக்கத்தில் மரணம் காணாத வளவு எத்தனை?

சரி, ஆச்சி அங்கே சாகவில்லை. ஆனால் சோறு வேகும் மணம் எங்களுக்கும் வந்தது.

ஆவணி மாதம், மின்சாரம் நின்ற ஒரு இரவு. விறாந்தையில் பாய் போட்டு இருந்தோம். மாமிதான் முதலில் மூக்கை உயர்த்தினார். "ரம்பை போட்டு ஆரோ சோறு காய்ச்சினம்" என்றார். அடுத்த நிமிடம் எனக்கும் வந்தது. சந்தேகமே இல்லாத மணம். வெள்ளைப் பச்சையரிசி கொதிக்கும்போது ரம்பை இலை போட்டால் வருமே, அதேதான். மகள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. குசினிக்குப் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், சாம்பல் குளிர்ந்திருந்தது. ரோச்சை மேலே அடித்தபோது சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் இரண்டு கண்கள் மின்னின. மரநாய். அதன் வால் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வரும் மணம் ரம்பை இலை மணத்தோடு அப்படியே ஒத்துப்போகும். ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டுக் கூரை அதற்கு மிகவும் பிடித்த இடம். பகலில் அங்கே சுருண்டு கிடக்கும், இரவில் பனங்காணிக்குப் போய்ப் பழம் தின்னும், முட்டியில் கள்ளும் குடிக்கும். அடுத்த நாள் ஏணி வைத்துப் பார்த்தபோது கூரைக்குள் விதையும் நாருமாக அதன் எச்சம் குவிந்திருந்தது. வருடக்கணக்காக அந்தக் குசினிக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஊர்ச்சனம் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கும் அந்த மணம் வந்துதான் இருக்கிறது.

துலாச் சத்தமும் உண்மைதான். தண்ணீர் இறைக்கும் மிசின் வந்த பிறகும் அந்தப் பழைய துலாவை யாரும் இறக்கவில்லை. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் துலா ஆட, அச்சுலக்கை ஆடுகாலில் உரசி, இழுத்து இழுத்து ஒரு சத்தம் வரும். முன்பெல்லாம் தோட்டத்துக்கு விடியப்புறம்தானே இறைப்பு, ஒருவர் துலா மிதிக்க ஒருவர் பட்டை பிடிப்பார். அந்தச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு, ஆளில்லாத கிணற்றடியில் அது கேட்டால் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்யும். துலாவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம், சத்தம் நின்றுவிட்டது. மாமிக்கு அது நின்றது ஒரு மாதிரியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மற்றவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஆடி, ஆவணி, புரட்டாதியில் இரவில் தொப்பென்று விழுவது பனம்பழம், ஓட்டில் விழுந்தால் வீடே அதிரும். பனஞ்சிலாகைகள் பகல் வெயிலில் விரிந்து இரவில் குளிர்ந்து இறுகும்போது வெடிப்பது மாதிரிச் சத்தம் வரும், முன்னிரவில்தான் கூட. பெண் குரலில் கிரீச்சிடுவது கூகை. வெள்ளை முகம், கூரைக்குள் இருந்து சீறவும் செய்யும். சாக்குருவி என்று கல்லெறிந்து கலைக்க வேண்டாம், தோட்டத்து எலியை அதைவிட ஒழுங்காகப் பிடிக்க ஆளில்லை. வெளியில் திடீரென்று ஆட்காட்டிக் குருவி கத்தினால் மட்டும் எழும்பிப் பாருங்கள். அது சும்மா கத்தாது. மனிதரோ நாயோ பாம்போ ஏதாவது அசைந்திருக்கும்.

நித்திரையில் அமுக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டை விட்டு ஓட வைப்பது இதுதான். மனைவியின் தம்பி உதவிக்கு வந்து உள்ளறையில் படுத்தார். விடிகாலையில் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, நெஞ்சில் ஒரு ஆள் ஏறி இருந்தது, கத்தப் பார்த்தேன் குரல் வரவில்லை, கண் திறந்துதான் இருந்தது என்றார். அவர் கண்டதாகச் சொன்னது வெள்ளைச் சேலை. கனவு காணும் நேரத்தில் உடம்பின் தசைகளை மூளை தளர்த்தி வைத்திருக்கும், கனவில் ஓடினால் பாயில் கால் ஓடாமல் இருக்கத்தான். சில வேளை மனம் விழித்துவிடும், உடம்பு விழிக்காது. அந்த இடைவெளியில் மூச்சு முட்டும், அறைக்குள் யாரோ நிற்பது தெளிவாகத் தெரியும். களைப்பு, நித்திரைக் குறைவு, மன அழுத்தம், மல்லாந்து படுப்பது எல்லாம் இதைக் கூட்டும். புது இடம், பகல் முழுக்கப் பற்றை வெட்டிய உடம்பு, காதில் பேய்க்கதை: மூன்றும் சேர்ந்தால் வராமல் இருந்தால்தான் புதுமை. ஒரு விரலையோ கால் பெருவிரலையோ அசைக்க முயன்றால் பெரும்பாலும் கலைந்துவிடும். யாருக்காவது வந்தால் கேலி செய்ய வேண்டாம். அவர் கண்டது அவருக்கு உண்மையாகவே தெரிந்தது.

இனி ஆபத்துகள். இந்தப் பகுதியை மட்டும் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது கட்டுவிரியன். பூட்டிக்கிடந்த வீட்டில் பல்லியும் எலியும் இருக்கும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். நாகமும் புடையனும் சுருட்டையும் கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, பல் பட்ட அடையாளமும் சரியாகத் தெரியாது. சில மணித்தியாலத்தில் வயிற்று வலி, பிறகு கண் இமை தானாக மூடும், வாய் குழறும், கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சு நிற்கும். பேய் வீட்டில் படுத்தவர் விடியப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் ஊர் என்ன சொல்லும்? பேய் அறைந்தது என்று சொல்லும். பார்வை பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் உயிர் போய்விடலாம். காலையில் எழும்பும்போது இமை தூக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, காரணமில்லாத வயிற்று வலி என்று யாராவது சொன்னால், கடி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், இலவசம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையோ யாழ் போதனா வைத்தியசாலையோ எது கிட்டவோ அங்கே. விச முறிவு மருந்தும் மூச்சு இயந்திரமும் நேரத்தோடு கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். மந்திரித்த நூல் கட்ட விரும்பினால் வைத்தியசாலையில் வைத்தே கட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கட்டிலில் படுங்கள், நுளம்பு வலையை மெத்தைக்கு அடியில் சுற்றிவரச் செருகுங்கள். கட்டுவிரியனுக்கு அதைவிட நல்ல காவல் நான் அறியவில்லை.

இரண்டாவது கிணறு. பாழ்கிணற்றில் இறங்கியவர் பாதியில் மயங்கி விழுவதும், தூக்கப் போனவரும் விழுவதும் நடக்கும். முனி இழுத்தது என்பார்கள். இழுத்தது காற்று. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்கி நிற்கும், ஒட்சிசன் இருக்காது. மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட விட்டால் அதன் புகையும் அங்கேயே நிற்கும். அதில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விளக்கு இறக்கி, அணையாமல் எரிகிறதா என்று பார்க்கும் பழைய முறை ஒட்சிசன் குறைவைக் காட்டும், காபன் மொனொக்சைட்டைக் காட்டாது. அதனால் மிசின் ஓடிய கிணற்றுக்குள் உடனே இறங்கவே கூடாது. தேர்ந்த கிணற்று வேலைக்காரரை வைத்து, மேலே ஆள் நிற்க, இடுப்பில் கயிறு கட்டித்தான் யாரும் இறங்க வேண்டும். இறைத்துத் துப்புரவாக்கிய பிறகு தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். எங்கள் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட பசளை சுண்ணாம்புக்கல் இடுக்குகளால் இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருக்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

காபன் மொனொக்சைட்டு என்றதும் ஒரு சம்பவம். அமெரிக்கக் கண் வைத்தியர் வில்லியம் வில்மர் 1921 இல் ஒரு மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். பழைய பெரிய வீடு ஒன்றுக்குக் குடிபோன குடும்பம். காலடிச் சத்தம், அறைக்குள் ஆள் உருவம், இரவில் யாரோ அமுக்குவது, பிள்ளைகள் வெளிறிச் சோர்ந்து போவது, வீட்டுக்குள் வைத்த செடிகள் வாடுவது. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் பரவியிருந்தது. உலையைத் திருத்தியதும் எல்லாம் நின்றது. எங்களுக்குச் சூடாக்கும் உலை தேவையில்லை. ஆனால் 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது எத்தனை வீட்டில் ஜெனரேற்றரை விறாந்தையில் வைத்து ஓட்டினார்கள்! மழைக்குக் கதவு யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே விறகடுப்பு எரிப்பதும் அதே ஆபத்துதான். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் குமட்டலும் வந்து, வெளியே போனதும் குறைந்தால் பேயைத் தேடாமல் புகையைத் தேடுங்கள்.

மூன்றாவது பதுங்குகுழி. வீட்டுக் கோடிப்புறத்தில் நடக்கும்போது நிலத்துக்கு அடியில் வெற்றுச் சத்தம் கேட்கிறது, யாரோ கூட நடப்பது மாதிரி இருக்கிறது என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் பதுங்குகுழி வெட்டாத வளவு குறைவு. மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டதைப் பலர் ஒழுங்காகத் தூர்க்கவில்லை. குற்றி உக்கி, மாரி மழையில் மண் இறங்கும். நீளமான கம்பியால் குத்திப் பார்த்து, அந்த இடத்தை முதலில் கயிறு கட்டி அடையாளப்படுத்துங்கள். தோண்டும்போது துருப்பிடித்த இரும்பு, குழாய் மாதிரி, பந்து மாதிரி, பச்சை நிறப் பெட்டி மாதிரி எது தென்பட்டாலும் தொட வேண்டாம், நெருப்பு வைக்கவும் வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டு பொலிசுக்கு, 119 க்கு, அறிவியுங்கள். வலிகாமம் வடக்குப் பக்கக் காணி என்றால், கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடமா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்த பிறகே பற்றையில் கை வையுங்கள்.

காணி உறுதியைப் பற்றிச் சுருக்கமாக. பேய் வீடு என்று மலிவாக வரும் காணிகளில் பல, உண்மையில் பங்கு பிரியாத காணிகள். முதுசமாக ஆறு ஏழு பேருக்கு வந்து, நாலு நாட்டில் இருப்பார்கள். 1706 இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த தேசவழமை என்ற வழமைச் சட்டம் இன்றும் யாழ்ப்பாணத்துக் காணிகளுக்குப் பொருந்தும். 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு, அறிவிக்காமல் விற்றால் பிறகு வழக்கு வரும். பத்து வருடத்துக்கு மேல் யாராவது தனக்கே உரியது போல அங்கே தோட்டம் செய்துகொண்டிருந்தால் ஆட்சியுரிமையும் கேட்கலாம். நல்ல நொத்தாரிசு ஒருவரை வைத்து உறுதியைப் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பேயைவிட இது நீண்ட காலம் தொல்லை தரும்.

இனிக் கழிப்பு. நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வல்லை வெளியால் போகும் வாகனங்கள் முனியப்பரிடம் நின்று கும்பிட்டுத்தானே போகின்றன, கோட்டைக்குப் பக்கத்திலும் முனியப்பர் இருக்கிறாரே. பயத்தை விரட்டாமல் அதற்கு ஒரு இடம் கொடுத்து இருத்தி வைப்பது எங்கள் சனத்தின் வழக்கம், அது நல்ல வழக்கம் என்பது என் எண்ணம். எங்கள் வளவின் மூலையில், வேம்படியில், பற்றைக்குள் ஒரு சூலம் இருந்தது. முந்தியவர்களின் வைரவர். அந்த இடத்தைத் துப்புரவாக்கி, கல் வைத்து, குடிபூரல் அன்று பால் காய்ச்சியதோடு பொங்கலும் வடைமாலையும் வைத்தோம். அதற்குப் பிறகு மாமி இரவில் தனியே கிணற்றடிக்குப் போகத் தொடங்கினார். உங்கள் காணியிலும் சூலமோ கல்லோ இருக்கும், தேடிப் பாருங்கள். இருந்தால் எடுத்து எறிய வேண்டாம்.

ஆனால் பெரிய தொகை கேட்டு, "இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கூடாது" என்று பயமுறுத்துபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒருவர் எங்களிடம் கிணற்றைத் தூர்க்கச் சொன்னார். ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தூர்க்கச் சொல்பவர் எங்கள் நன்மைக்கு வந்தவராக இருக்க முடியாது. மனைவி இப்போதும் சித்திரா பௌர்ணமிக்கு அவருடைய அம்மம்மாவை நினைத்துச் செய்யும்போது அந்த ஆச்சிக்கும் ஒரு இலை போடுவார். ஆச்சி எங்கே காலமானார் என்று தெரிந்த பிறகும் அது நிற்கவில்லை. எனக்கும் அதில் முழுச் சம்மதம்.

பிள்ளைகள் விஷயம். பயம் வீட்டில் வருவதைவிடப் பள்ளிக்கூடத்தில்தான் கூட வரும். "பேய் வீட்டுப் பிள்ளை" என்று கூப்பிடுவார்கள். எங்கள் மகள் அழுதுகொண்டு வந்தபோது மனைவி அவளுடைய வகுப்புப் பிள்ளைகளைப் பனம்பழக் காலத்தில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டுப் பனங்காய்ப் பணியாரம் சுட்டுக் கொடுத்தார். கூரையில் படுத்திருந்த மரநாயையும் ஏணி வைத்துக் காட்டினோம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பேச்சு மரநாயைப் பற்றித்தான். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ரோச் கொடுங்கள், கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் சூரிய ஒளி லைற் போடுங்கள், ஒரு ஊர் நாய் வளருங்கள். முதல் கொஞ்ச நாட்கள் எல்லோரும் ஒரே அறையில் படுக்கலாம். மாரிக்கு முன் குடிபோக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுக்கு, பாம்பு, இருட்டு எல்லாம் ஒன்றாக வரும். தை பிறந்து குடிபோனால், அடுத்த மாரிக்குள் வீடு உங்கள் கைக்கு வந்துவிடும்.

அம்மாவை வற்புறுத்தாதீர்கள். பகலில் ஒரு முறை கூட்டிப் போய் விறாந்தையில் இருத்தி, பக்கத்து வளவுப் பெண்களோடு பேச விடுங்கள். நீங்கள் கேட்டுப் பெற முடியாத கதை அவரிடம் வந்து சேரும், அவர் யாருடைய சொந்தம் என்பதும் அங்கே பிடிபடும். திரும்பி வந்த பிறகும் வேண்டாம் என்றால், அந்தக் காணியைத் தோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு இருக்க வேறு இடம் பாருங்கள், அல்லது வாங்காமல் விடுங்கள். பகலில் நீங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் அந்த வீட்டில் தனியே இருக்கப்போவது அவர்தான்.